ஆலாத்திக்கு இன்னொரு ஆள்

எங்கடை மன்றத்து வீட்டிலை பேய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா ஊரிலை அப்பிடி ஒரு கதை உலாவுது. கதையைக் கட்டிவிட்டது ஆரெண்டும் எனக்குத் தெரியும். அந்தாள் ஒருநாளும் இந்தப் படலைக்குள்ளை கால் வைச்சதில்லை. பேயெண்டா முதலிலை ஒரு ஆள் செத்திருக்கோணும். எங்களைப் பிடிச்சு ஆட்டுறது செத்தவை இல்லை.

நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலை கிடக்கிற இந்தத் தீவிலை மருத்துவமாதா இருந்து ஓய்வெடுத்தனான். நாரந்தனை, சரவணை எண்டு சைக்கிளிலை திரிஞ்சு பிள்ளைப்பேறு பாத்தனான். இப்பவும் ஊருக்கு நான் மிஸிதான். மனிசன் சக்கரை வருத்தத்திலை செத்துப்போனார், பிள்ளையள் வெளிநாட்டிலை. ஓய்வெடுத்த பிறகு கொஞ்சநாள் வீட்டிலை இருந்து பாத்தன். ஒருநாள் குசினிக்குள்ளை நிண்டு அலுமாரியோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறன். அண்டைக்குத்தான் யோசிச்சன், என்னைப் போலை தளபாடங்களோடை கதைக்கிற ஆக்கள் இந்தப் பக்கத்திலை கனபேர் இருப்பினம், எல்லாரையும் ஒரு இடத்திலை இருத்தினா ஆளோடை ஆள் கதைப்பினம் எண்டு.

அப்பிடித் துவங்கினதுதான் ஓய்வுபெற்ற ஆக்களுக்கான இந்த மன்றம். செவ்வாயும் வெள்ளியும். ஆருக்கு என்ன தெரியுமோ அவை அதைச் சொல்லிக்குடுக்கோணும். போஸ்ட்மாஸ்டரா இருந்தவர் கைத்தொலைபேசி பழக்குவார். பேரப்பிள்ளையளின்ரை முகத்தைப் பாக்கிறதெப்பிடி, பாத்த பிறகு நிப்பாட்டுறதெப்பிடி. ரெண்டாவதுதான் ஒருத்தருக்கும் ஏலாது. மனையியல் படிப்பிச்ச ரீச்சர் தையல் பழக்குவா, சக்கரை இல்லாத சமையலும். நான் பிறஷர் பாப்பன், கைகாலை ஆட்டி எடுப்பன். மத்தியானத்துக்குப் பிறகு முந்நூற்றிநாலு எண்ட சீட்டு விளையாட்டு. சீட்டுப் பிடிக்கத் தெரியாமல் ஓய்வெடுத்த ஆள் இந்தத் தீவிலை இல்லை.

ஒரு சட்டம் நான் போட்டனான். மன்றத்து வேலை எல்லாம் மன்றத்து ஆக்கள்தான் செய்யோணும். கூட்டுறது, தேத்தண்ணி ஊத்துறது, கதிரை அடுக்கிறது, எல்லாம். மகனைக் கூட்டிவாறன், மருமகளைக் கூட்டிவாறன் எண்ட கதை எனக்குச் சரிவராது. எங்களைக் கொண்டந்து இறக்கிவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்க இது நேர்சரி இல்லை. இந்தச் சட்டத்தாலை எனக்குக் கிடைச்ச திட்டு கொஞ்சநஞ்சமில்லை. போஸ்ட்மாஸ்டர் மட்டும் என்ரை பக்கம், ஏனெண்டா அவருக்குச் சட்டமெண்டா காணும். ஒன்பது மணிக்குத்தான் படலை திறப்பார். முந்தி வந்தவை வெயிலிலை நிக்கோணும்.

வீடு எங்கடை இல்லை. கனடாவிலை இருக்கிற ஒரு குடும்பத்தின்ரை. அவை கொழும்பிலை கடை வைச்சிருந்த காலத்திலை கட்டின கல்வீடு. சண்டைக் காலத்திலை ஊர் முழுக்க எழும்பி ஓடின பிறகு ஓடு, யன்னல், கதவு எல்லாத்தையும் ஆரோ கழட்டிக்கொண்டு போட்டினம். வீட்டுக்காரி, அந்தக் குடும்பத்தின்ரை மகள், பிறகு காசனுப்பிக் கூரையும் வெளிக்கதவும் போடுவிச்சவ. உள்ளுக்குக் கதவில்லை, வெறும் நிலைதான். அதாலை அந்த வீட்டிலை ஒருத்தரும் குசுகுசுக்க ஏலாது. குசினிக்குள்ளை மெல்லமாச் சொன்னது முன்விறாந்தையிலை கேக்கும்.

எங்களைப் பற்றி ஒண்டு சொன்னா விளங்கும். படலை கிறீச்சிட்டா எல்லாற்றை தலையும் ஒருமிக்கத் திரும்பும். ஊசி பிடிச்ச கை நிக்கும், சீட்டுப் போடப்போன கை நிக்கும். ஒரு மாடு வந்து முட்டியிருக்கும், இல்லாட்டிக் காத்தா இருக்கும். திரும்பவும் வேலையைத் துவங்குவம். உந்தச் சத்தம் பெரிய கரைச்சலாக் கிடக்கு எண்டு போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். அதுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஒருத்தரும் தைக்கேல்லை, ஒருத்தரும் சீட்டுக் கேக்கேல்லை. எல்லாரும் கதிரையை ரோட்டுப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தினம். சத்தம் இல்லாமல் வந்தா எப்பிடித் தெரியும் எண்டு ரீச்சர் அவரைப் பேசினா. ஆர் வந்தா எண்டு அவ சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்துக்கு எல்லாரும் ஒருக்கா பஸ் பிடிச்சு உல்லாசப் பயணம் போனம், போற வழி முழுக்கப் பாட்டும் பகிடியும். சண்டைக் காலத்திலை கனபேரைப் பிடிச்சுக்கொண்டு போன அல்லைப்பிட்டிப் பக்கம் வரேக்கை பாட்டு தானா நிண்டுபோச்சு. நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை.

இனிச் சங்கக்கடை அக்காவைப் பற்றிச் சொல்லோணும். பலநோக்குச் சங்கக் கடையிலை அரிசி, சீனி நிறுத்து ஓய்வெடுத்தவ. எனக்கு இளையவதான், ஆனா ஊருக்கே அக்கா. முந்நூற்றிநாலிலை அவவோடை மல்லுக்கட்ட ஆளில்லை. கையிலை நல்ல சீட்டு ஒண்டும் இல்லாமல் ஆட்டம் கேப்பா, கேட்டு வெண்டுபோட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. நெத்தியிலை ஒரு சதக்காசளவு குங்குமப் பொட்டு. கழுத்திலை தாலிக்கொடி. பின்னேர பஸ் வாற சத்தம் கேட்டா சீட்டைக் கவிட்டு வைச்சிட்டு எழும்பிப் படலைமட்டும் போவா. ஆர் இறங்கினம் எண்டு பாத்திட்டு வந்து விட்ட இடத்திலையிருந்து விளையாடுவா. அந்த இடைவெளியிலை ஒருத்தரும் அவவின்ரை சீட்டை எட்டிப் பாக்கிறேல்லை. போஸ்ட்மாஸ்டர்கூட. அந்தாள் மற்ற நேரத்திலை வலு கள்ளன்.

அவவின்ரை மனிசன் மாடு அவிழ்க்கப் போனவர். ஊர் முழுக்க யாழ்ப்பாணப் பக்கம் ஓடேக்கை இவையும் ஓடிப் போய் ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தவை. ரெண்டாம் நாள் அந்தாளுக்கு இருப்புக்கொள்ளேல்லை. பசுவும் கண்டும் கட்டினபடி நிக்குது, தண்ணியில்லாமல் செத்துப்போம், அவிழ்த்துவிட்டிட்டு வாறன் எண்டு சைக்கிளை எடுத்தவர். அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு மேலையாச்சு.

பிறஷர் பாக்கேக்கை ஒருநாள் எனக்குச் சொன்னா. ஊருக்குத் திரும்பி வந்த அண்டைக்கு வீட்டைப் பாக்கேல்லையாம், நேரே பூவரசடிக்குப் போனவவாம். நைலோன் கயிறு மரத்திலை கிடந்ததாம். மாடு இழுத்து அறுத்திருந்தா பிஞ்சிருக்கும். பிஞ்சிருக்கேல்லையாம். முடிச்சு அவிழ்ந்து கயிறு மடிச்சுக் கொப்பிலை தொங்கினதாம். அவர் எப்பவும் அப்பிடித்தான் மடிச்சுப் போடுறவராம். "அவர் வீடுமட்டும் போனவர், மிஸி. அது எனக்குத் தெரியும். அங்காலைதான் தெரியாது." எண்டு சொல்லிப்போட்டுப் பிறஷர் எவ்வளவு எண்டு கேட்டா. கூடத்தான் இருந்தது. நான் குறைச்சுச் சொன்னன்.

மரண அத்தாட்சி எடுக்கச் சொல்லி எத்தினை பேர் வந்து கேட்டவை. எல்லாருக்கும் அவ தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுவா.

போன ஆவணியிலை வீட்டுக்காரி கனடாவிலையிருந்து வாறா எண்டு செய்தி வந்தது, மனிசனையும் கூட்டிக்கொண்டு. ஓடினதுக்குப் பிறகு முதல்தரம். அவ கலியாணம் முடிச்சு மாலையோடை வெளிக்கிட்டது இந்த வாசலாலைதான். அப்ப நாங்கள் சும்மா வணக்கம் சொல்லி உள்ளுக்கு விடுறதோ, ஆலாத்தி எடுத்துத்தான் கூப்பிடோணும் எண்டு போஸ்ட்மாஸ்டர் சொன்னார். எல்லாருக்கும் சந்தோசம், நல்ல புழுகம். தட்டு ஆர் தாறது, வாழைப்பழம் வெட்டித் திரி செருகுறது ஆர், எல்லாம் ஒரு மூச்சிலை முடிஞ்சுது.

பிறகுதான் ரீச்சர் கேட்டா, தட்டுப் பிடிக்கிறது ஆர் எண்டு.

ஆலாத்தி எடுக்க ரெண்டு சுமங்கலியள் வேணும். எதிரெதிரா நிண்டு தட்டைப் பிடிச்சுச் சுத்தோணும். நாங்கள் ஆளையாள் பாத்தம். பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பொம்பிளையள் நிறைஞ்ச மன்றம், எல்லாரும் என்னைப் போலை வெறும் நெத்தியும் திருநீறும். மனிசன் உயிரோடை இருக்கிற ஒரே ஆள் ரீச்சர். அந்த மனிசனும் அண்டைக்குக் காய்ச்சலெண்டு படுத்திருந்தார். வாற கிழமைமட்டும் பத்திரமாப் பாத்துக்கொள்ளுங்கோ ரீச்சர், ஆலாத்தி முடியட்டும் எண்டு ஆரோ பகிடி விட, எல்லாரும் சிரிச்சம்.

சிரிப்பு அடங்க, முன்விறாந்தையிலை சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டுது. சங்கக்கடை அக்கா அங்கைதான் இருந்தவ.

நான் உடனை சொன்னன், ரெண்டாம் ஆள் இருக்கிறா, பிறகென்ன எண்டு. ரீச்சர் தலையைக் குனிஞ்சுகொண்டு குரலைக் குறைச்சா. தனக்கு அவவிலை ஒரு குறையுமில்லையாம். ஆனா வாறது ஒரு குடும்பம், கனகாலத்துக்குப் பிறகு தங்கடை வீட்டு வாசல் மிதிக்கினம், நிச்சயமில்லாத ஒரு ஆளைத் தட்டிலை பிடிக்கவிட்டு அவைக்கு ஏதும் வந்திட்டா ஆர் பொறுப்பு எண்டா. எனக்கு விசர் வந்திட்டுது. நிச்சயமில்லாத ஆள் எண்டா என்ன, பொட்டு வைச்சிருக்கிறா, தாலி கட்டியிருக்கிறா, உதுக்கு மேலை உங்களுக்கென்ன சேர்ட்டிபிக்கட் வேணும் எண்டு கேட்டன். போஸ்ட்மாஸ்டர் நடுவிலை பூந்து தன்ரை மருமகளை ஒருநாளைக்குக் கூட்டிவரலாம் எண்டார். சட்டத்தைச் சொல்லி அந்தாளின்ரை வாயை மூடினன். மன்றத்து வேலை மன்றத்து ஆக்கள்தான். எனக்கு அப்ப உள்ள கோவத்திலை வீட்டுக்காரி படலையிலையே திரும்பிப் போனாலும் சரி எண்டிருந்தது.

கதவில்லாத வீடெண்டதை நாங்கள் எல்லாரும் மறந்துபோனம்.

சங்கக்கடை அக்கா நிலையடியிலை வந்து நிண்டா. கையிலை இருந்த சீட்டை விசிறி மாதிரி விரிச்சபடி நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சிருந்தா. முகத்திலை கோவம் இல்லை. கோவிச்சிருந்தா எங்களுக்கு லேசாயிருந்திருக்கும்.

"ரீச்சர், நான் சுமங்கலியோ, இல்லையோ?"

"எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?" எண்டா ரீச்சர். 

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தினை வருசமா நல்லா இருக்கிறீரோ எண்டு என்னைக் கேக்கிறியள். அவரைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை. கேட்டா நான் அழுவன் எண்டு நினைக்கிறியள் போலை. இண்டைக்கு நான் கேக்கிறன். எல்லாரும் இருக்கிறியள். என்ரை மனிசன் இருக்கிறாரோ? நீங்கள் என்ன சொல்லுறியளோ அதின்படி நான் செய்யிறன். இல்லையெண்டா இப்பவே பொட்டை அழிக்கிறன். மிஸி, நீங்கள் சொல்லுங்கோ."

என்ரை தொழில் உயிரைக் கண்டு சொல்லுறது. பிள்ளை வெளியிலை வந்தவுடனை அறைக்கு வெளியிலை நிக்கிற சனத்துக்கு நான்தான் சொல்லோணும், ஆம்பிளைப்பிள்ளை, பொம்பிளைப்பிள்ளை. மூச்சில்லாமல் வந்ததையும் நான்தான் சொல்லோணும். அதைச் சொல்லேக்கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அண்டைக்கு எனக்கு உள்ளுக்குத் தெரியும், அந்தாள் பூவரசடியிலையிருந்து கன தூரம் போயிருக்கமாட்டார். அந்த வீட்டிலை இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எங்கடை எங்கடை வீட்டாலை போய்த் திரும்பி வராதவையைப் பற்றி மட்டும் தெரியாது.

"ஓம். இருக்கிறார்." எண்டு சொன்னன்.

போஸ்ட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம்" எண்டார். பிறகு தையல் பழகிறவை ஒவ்வொருத்தரா. சிலபேர் வாயாலை சொல்லாமல் தலையை ஆட்டிச்சினம். கடைசியா ரீச்சர். அவ எழும்பிப் போய்ச் சங்கக்கடை அக்காவின்ரை கையைப் பிடிச்சா. இருக்கிறார் எண்டு சொன்னா. தட்டிலை எனக்கு எதிரை நீர்தான் நிக்கோணும் எண்டும் சொன்னா.

சங்கக்கடை அக்கா தலையை மட்டும் ஆட்டிப்போட்டு விறாந்தைக்குப் போய்த் துரும்புச் சீட்டை இறக்கினா.

அந்தக் கிழமை எங்களுக்கு நடந்ததை என்னெண்டு சொல்லுறது. சொன்ன சொல்லு வாயோடை நிக்கேல்லை. அடுத்த மன்ற நாள் வந்தா, தையலுக்கை இருந்த ஒருத்தி சங்கக்கடை அக்காவைக் கேக்கிறா, உங்கடை மனிசனும் சீட்டு விளையாடுவாரோ எண்டு. பொய் விளையாட்டு, தோக்கப்போறார் எண்டாச் சீட்டைக் கலைச்சுப்போடுவார் எண்டு அவ சொல்ல எல்லாரும் சிரிச்சம். அந்தாள் நீத்துப்பூசணிக்காய் வாயிலை வைக்கமாட்டாராம். தடிமன் வந்தா ஊரையே எழுப்பித் தும்முவாராம். இப்ப அவருக்கும் ஓய்வெடுக்கிற வயசு தாண்டியிருக்கும், மன்றத்திலை சேத்திருக்கலாம் எண்டார் போஸ்ட்மாஸ்டர். அதை அந்தாள் பகிடியாச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சிரிப்பும் வரேல்லை. சக்கரை பாக்கோணும், கண் பாக்கோணும் எண்டு நானும் கூடச் சேந்து கதைச்சுக்கொண்டிருந்தன், கோதாரி. சங்கக்கடை அக்காவின்ரை முகம் விளக்குப் போலை இருந்தது. அவரைப் பேசிப் பேசிக் கதை சொன்னா, பக்கத்து அறையிலை ஆள் இருக்கிற மாதிரி.

எனக்குப் பயமாயிருந்தது. அந்தக் கிழமை பஸ் வந்த நேரம் அவவோடை சேந்து நானும் படலைக்குப் போனன். உயரமா, தலைமயிர் கறுப்பா, சாரத்தை மடிச்சுக்கட்டின ஒரு இளந்தாரி இறங்குறானோ எண்டு பாக்கிறன். அந்தாள் இப்ப கிழவன் எண்டது எனக்கு ஞாபகமே வரேல்லை. நாங்கள் அவரை எழுப்பிப்போட்டம், இனி எங்கை கொண்டுபோய் விடுறது எண்டிருந்தது. என்ரை பிறஷரை நானே பாத்தன். அதைச் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்காரி வந்த அண்டைக்கு நல்ல வெயில். சங்கக்கடை அக்கா கடும் பச்சைச் சீலை உடுத்து, பூ வைச்சு வந்தா. பொட்டு முந்தியிலும் பெரிசு. ரீச்சரும் அவவும் வாசலிலை எதிரெதிரா நிண்டு தட்டைப் பிடிச்சினம். வாழைப்பழத் துண்டிலை செருகின திரியள் எரிஞ்சுது.  சங்கக்கடை அக்கா பிடிச்ச பக்கம் தட்டுத் தளம்பேல்லை. ஏறச் சுத்தி, இறக்கி, மூண்டு தரம். வந்தவையின்ரை நெத்தியிலை பொட்டு வைச்சது அவதான். வீட்டுக்காரி நிலையைப் பிடிச்சுக்கொண்டு விம்மி விம்மி அழுதா. எல்லாரும் அவவைச் சுத்தி நிண்டு அழுதினம். அழ ஒரு சாட்டுக் கிடைச்சா நாங்கள் விடுறேல்லை.

பலகாரம் குடுக்கேக்கை பாத்தன், சங்கக்கடை அக்காவைக் காணேல்லை. பின்வளவுக்குப் போனா, கிணத்தடியிலை குந்தியிருந்து ஆலாத்தித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறா. கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுறா. நான் கிட்டப் போய் நிண்டன். அவ நிமிரேல்லை.

"இண்டைக்கு என்ன திதி, மிஸி?"

நான் ஏதோ விரதத்துக்குக் கேக்கிறா எண்டு நினைச்சன். என்ன விரதம் எண்டும் கேட்டன்.

"அவருக்குத்தான்," எண்டா. தண்ணியைத் தட்டிலையிருந்து மெல்லமா வடிய விட்டா. "திவசம் செய்யிறதெண்டா ஒரு திதி வேணும். எனக்கு ஒரு நாள் இல்லாமல் இருந்தது. நானா ஒரு நாளை எடுத்தா நானே அவரைச் சாகடிச்ச மாதிரி. ஊருக்குள்ளை ஒருத்தரும் அவர் இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நீங்கள் எல்லாரும் சேந்து இருக்கிறார் எண்டு சொன்னனீங்கள். இருந்தாத்தானே, மிஸி, ஒரு ஆள் சாகலாம்."

 உள்ளுக்கை போஸ்ட்மாஸ்டர் என்னைக் கூப்பிடுறது கேக்குது. வீட்டுக்காரி பேசப்போறாவாம், எல்லாரும் வந்து இருக்கட்டாம். அவ தட்டைக் கவிட்டுக் கிணத்துக்கட்டிலை வைச்சா. ஈரக்கையைச் சீலைத் தலைப்பிலை துடைச்சா. நெத்தியை இன்னும் தொடேல்லை. நான் சொல்லுறதுக்காகப் பாத்துக்கொண்டு நிண்டா.

நல்ல நாளோ எண்டு காலமை கலண்டர் பாத்தது நான்தான். அதாலை யோசிக்கத் தேவையிருக்கேல்லை.

"ஆவணி. வளர்பிறைத் துவாதசி," எண்டு சொன்னன்.